வெளிநாடு போன ஆச்சி துப்பறிகிறா: மர்ம நாவல் எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, பிள்ளைகளிடம் வெளிநாடு போன ஒரு வயதான பெண் அங்கே ஒரு மர்மத்தை அவிழ்க்கும் நாவலை எழுத விரும்புபவர்களுக்கான பக்கம் இது. பதில்கள் எல்லாம் ஒரே உதாரணக் கதையைச் சுற்றியே போகும். கதை இதுதான்: சுன்னாகத்தைச் சேர்ந்த 71 வயது ஓய்வுபெற்ற கணித ரீச்சர் ஒருவர் கனடாவில் ஸ்காபரோவில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். பக்கத்து வீட்டு பேஸ்மென்றில் வாடகைக்குத் தனியே இருந்த, கோண்டாவிலைப் பிறப்பிடமாகக் கொண்ட 76 வயதுப் பெரியவர், மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை படிக்கட்டின் அடியில் இறந்து கிடக்கிறார். வழுக்கி விழுந்ததாக எல்லோரும் நம்புகிறார்கள். ரீச்சர் மட்டும் நம்பவில்லை. செய்தவர் பெரியவரின் பெறாமகன், அதாவது அவரைப் பெரியப்பா என்று கூப்பிடும் மகன்முறைக்காரன். எழுதுபவருக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

இதமான மர்ம நாவல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

மரணம் உண்டு, இரத்தத்தையும் காயத்தையும் விரித்து எழுதும் வேலை இல்லை. துப்பறிபவர் பொலிஸ் அல்ல, அயலில் இருக்கும் சாதாரண ஆள். சந்தேகப்படுபவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். முடிவில் உண்மை வெளிவந்து, குழம்பிப்போன அயல் மறுபடியும் ஒழுங்குக்கு வருகிறது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது நேர்மை. துப்பறிபவருக்குத் தெரிந்த ஒவ்வொரு துப்பும் வாசகருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1930இல் லண்டனில் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் ஒரு கழகம் தொடங்கினார்கள். அதில் சேர்ந்தவர்கள், முக்கியமான துப்பை வாசகரிடம் மறைக்க மாட்டோம், தெய்வ வாக்கையும் தற்செயலையும் வைத்து மர்மத்தை அவிழ்க்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். எங்கள் கதைகளுக்கு அதை இப்படி வைத்துக்கொள்ளலாம்: செத்தவர் கனவில் வந்து சொல்லக்கூடாது, சாத்திரியார் ஏடு பார்த்துச் சொல்லக்கூடாது, கோயிலில் உரு வந்தவர் வாக்குச் சொல்லக்கூடாது. இவை கதையில் வரலாம், ஆட்களைக் குழப்பவும் செய்யலாம். விடை மட்டும் அவற்றிலிருந்து வரக்கூடாது.

ஊரிலேயே வைத்து எழுதலாமே, ஏன் வெளிநாடு?

ஊரில் ரீச்சருக்கு எல்லோரும் பழைய மாணவர்கள். கேட்டால் பதில் வரும். அங்கே அவவுக்குக் கார் ஓடத் தெரியாது, ஆங்கிலம் வாசிப்பா ஆனால் வேகமாகக் கதைப்பதைப் பிடிக்கமாட்டா, மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் வீட்டில் தனியே இருப்பா. இந்தத் தடைகள்தான் கதையை இழுத்துச் செல்கின்றன.

ஆனால் தடை மட்டும் போதாது. கனடாப் பொலிஸுக்குத் தெரியாத, ரீச்சருக்கு மட்டும் தெரிந்த ஒன்று விடையின் நடுவில் இருக்க வேண்டும். உதாரணக் கதையில் அவை மூன்று: கோயில் மணி எத்தனை மணிக்கு அடிக்கும் என்பது, காணி உறுதி எப்படி முடிக்கப்படுகிறது என்பது, அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் வம்சாவளி எப்படி எழுதப்படுகிறது என்பது. உங்கள் கதையைச் சோதிக்க ஒரு வழி உண்டு. ரீச்சரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஸ்காபரோவில் பிறந்த, கெட்டிக்காரியான ஒரு இளம்பெண்ணை வையுங்கள். அவளும் அதே வழியில் விடையைக் கண்டுபிடித்துவிடுவாள் என்றால் ஆச்சி உங்கள் கதைக்குத் தேவைப்படவில்லை. அந்த நாவல் எவ்வளவு நன்றாக எழுதப்பட்டாலும் உள்ளே வெறுமையாகத்தான் இருக்கும்.

எங்கே தொடங்குவது?

விடையில். முதல் அத்தியாயத்தில் தொடங்கி எழுதிக்கொண்டு போனால் இருபதாம் அத்தியாயத்தில் யார் செய்தது என்று எழுதுபவருக்கே தெரியாமல், கடைசியில் யாரோ ஒருவரைப் பிடித்துக் கட்டவேண்டி வரும்.

முதலில் நடந்ததை ஒரு தாளில், நேரவாரியாக, மர்மம் எதுவும் இல்லாமல் எழுதுங்கள். எங்கள் கதையில்: பெரியவரின் பெயரில் கோண்டாவிலில் 4 பரப்புக் காணி. பெறாமகன் யாழ்ப்பாணத்தில் வேறொரு கிழவரைப் பெரியவராக நிறுத்தி அதை விற்றுவிட்டான். பெரியவருக்குச் சந்தேகம் வந்து, ஊரில் உள்ள சிநேகிதர் மூலம் காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) பார்ப்பித்து, உறுதியின் பிரதியையும் எடுப்பித்தார். செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்குப் பெறாமகன் அந்தக் கடதாசிகளைக் கேட்டு வந்தான். வாக்குவாதம், தள்ளுமுள்ளு, விழுகை. அடுப்பில் பெரியவர் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார். சட்டி கருகிப் புகை அலாரம் அலறியது. அயலார் வந்துவிடுவார்கள் என்று அவன் அலாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, அடுப்பை நிற்பாட்டி, கடதாசியோடு போய்விட்டான். 8 மணிக்கு, ஸ்காபரோவுக்கு அடுத்த மார்க்கம் நகரில் உள்ள தன் வீட்டில் இருந்து ஊரில் சின்னம்மாவுக்கு வட்ஸ்அப்பில் கதைத்தான். பிறகு அதை 7 மணி என்று சொன்னான்.

இதை எழுதி முடித்தபின், ஒவ்வொரு செயலும் என்ன தடயத்தை விட்டுப்போகும் என்று பக்கத்தில் எழுதுங்கள். மேசையில் கிடக்கும் அலாரம் ஒரு தடயம். பெரியவருக்குத் தோள்மூட்டு நோ, கையைத் தோளுக்கு மேலே தூக்கமாட்டார். அப்படியென்றால் கழற்றியது யார்? ஒன்ராறியோவில் வீட்டின் ஒவ்வொரு மாடியிலும், பேஸ்மென்ற் உட்பட, புகை அலாரம் இருக்கவேண்டும் என்பது சட்டம். அதனால் இந்தத் துப்பு அந்த மண்ணோடு பொருந்தும். சுன்னாகத்தில் வைத்தால் பொருந்தாது. கழற்றப்பட்ட அலாரத்தைப் பொலிஸ்காரரும் பார்ப்பார். தமிழ் வீட்டில் தாளிக்கும்போது கழற்றி வைத்திருப்பார்கள் என்று அவருக்கு யாரோ விளக்கம் சொல்லுவார்கள், அவரும் ஏற்றுக்கொள்ளுவார். அந்த ‘யாரோ’ பெறாமகனாக இருந்தால் இன்னும் நல்லது.

சந்தேகப்படுபவர்களை ஓரிடத்தில் கூட்டுவது எப்படி? பழைய நாவல்களில் வருவதுபோல மாளிகை எங்களுக்கு இல்லையே.

எங்களுக்குச் செத்தவீடு இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் சடங்கு வரிசையே நாவலுக்கு முதுகெலும்பாக நிற்கக்கூடியது: பார்வைக்கு வைத்தல், தகனம், காடாத்து, எட்டுச்செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி. ஒவ்வொன்றுக்கும் அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தே ஆகவேண்டும். வராதவர் யார், பிந்தி வந்தவர் யார், யாரோடு யார் கதைக்கவில்லை என்பதை ரீச்சர் போன்ற ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையோடு ஒரு மூலையில் இருந்து பார்த்தாலே போதும்.

மரணம் நான்காம் அத்தியாயத்துக்குள். பார்வைக்கு வைக்கும் அத்தியாயத்தில் எல்லாச் சந்தேக ஆட்களும் அறிமுகம். எட்டுச்செலவு நாவலின் நடு: செத்தவர் விரும்பிச் சாப்பிட்டதைச் சமைத்துப் படைக்கும் நாள் என்பதால், பெரியவரை உண்மையில் யார் அறிந்திருந்தார், யார் அறிந்ததுபோல நடித்தார் என்பது அன்றைக்கு வெளிவரும். அந்தியேட்டியில் உண்மை.

கனடாவில் ஒரு மாற்றம் உண்டு. உறவினர்கள் வேலையை விட்டு வரவேண்டும் என்பதால் பார்வைக்கு வைப்பதும் தகனமும் பெரும்பாலும் சனி, ஞாயிறுக்குத் தள்ளப்படும். மரணத்தைக் கொரோனர் (திடீர் மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) விசாரித்தால் உடல் கையளிப்பதும் பிந்தலாம். இறந்த நாளை ஒரு கலண்டரில் குறித்துக்கொண்டு எட்டையும் முப்பத்தொன்றையும் எண்ணிப் பாருங்கள். செவ்வாயன்று மரணம், அடுத்த ஞாயிறு தகனம் என்றால் எட்டாம் நாள் இரண்டு நாளிலேயே, செவ்வாயன்று வந்துவிடும். அதைக் குடும்பம் எப்படிச் சமாளிக்கிறது என்பதே ஒரு காட்சி.

கல்வெட்டைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். அந்தியேட்டிக்கு அச்சடிக்கும் அந்தச் சிறு புத்தகத்தில் தேவாரம், செத்தவரின் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி எல்லாம் வரும். ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் பக்கத்து வீட்டில் இருந்தால் ‘பிழை திருத்தித் தாங்கோ ரீச்சர்’ என்று கொண்டுவந்து கொடுக்காமல் இருக்கமாட்டார்கள். குடும்பத்தின் முழு உறவுமுறையும் துப்பறிபவர் கேட்காமலே கையில் வந்து சேர்கிறது. எங்கள் கதையில் பெறாமகனின் மனைவியின் தமையனுடைய பெயரை ரீச்சர் அதில்தான் காண்கிறா. அதே பெயர் விற்பனை உறுதியின் அடியில் சாட்சியாக இருக்கிறது.

பத்திரிகையிலும் இணையத்திலும் வரும் மரண அறிவித்தலையும் இப்படிப் பயன்படுத்தலாம். ‘பாசமிகு சகோதரரும்’ என்ற வரியில் ஒரு பெயர் விடுபட்டிருந்தால் ஊரே அதைக் கவனிக்கும்.

நேர வித்தியாசத்தைத் துப்பாக வைக்கலாமா?

தாராளமாக. ஆனால் கணக்குப் பிழைத்தால் முழு நாவலும் போய்விடும். இலங்கை நேரம் ஆண்டு முழுக்க ஒன்றுதான். ரொறன்ரோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே எடுப்பார்கள். அதனால் குளிர்காலத்தில் வித்தியாசம் பத்தரை மணித்தியாலம், கோடையில் ஒன்பதரை. லண்டன் என்றால் ஐந்தரையும் நாலரையும். அங்கே மாற்றுவது மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும்.

பெறாமகன் இப்படிச் சொல்கிறான்: காலை 7 மணிக்குச் சின்னம்மாவோடு கதைத்தேன், பின்னேரப் பூசை மணி கேட்டது. பூசை ஐந்தரைக்கு. குளிர்காலம் முழுக்க ரொறன்ரோவில் காலை 7 என்றால் ஊரில் பின்னேரம் ஐந்தரைதான், எனவே கேட்பவர் யாருக்கும் உறுத்தாது. ஆனால் மரணம் நடந்தது நேரம் மாற்றிய ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய். அன்றைக்கு அங்கே காலை 7 என்றால் ஊரில் நாலரை. மணி அடிக்கும்போது ரொறன்ரோவில் 8 மணி. பழக்கத்தில் சொன்ன பொய் அவனை மாட்டிவிடுகிறது. அந்த வாரத்தில் ரொறன்ரோவில் சூரியன் உதிக்க ஏழரை ஆகும் என்பதால், 7 மணிக்கு வெளியில் இருட்டு. அவன் வந்துபோனதை ஒருவரும் காணாததற்கும் அதுவே காரணம்.

போனில் அழைப்பு நேரம் பதிவாகியிருக்குமே என்று வாசகர் கேட்பார். அதற்கான பதில் நாவலுக்குள் இருக்கவேண்டும். விபத்து என்று நம்பும்வரை ஒருவரும் போனைக் கேட்கமாட்டார்கள். மணி ரீச்சருக்குச் சந்தேகத்தைத் தருகிறது, போன் பதிவு பிறகு பொலிஸுக்குச் சாட்சியாகிறது.

பழைய காலத்து இரகசியம் ஒன்றை வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இலங்கை நேரம் 1996 மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டு, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் பழைய நிலைக்கு வந்தது. அந்த இடைக்காலத்தில் நடந்த ஒரு தொலைபேசி அழைப்பை இன்றைய கணக்கில் எழுதினால் அரை மணி பிழைக்கும்.

துப்பை வாசகரின் கண்ணுக்கு முன்னால் வைத்து ஒளிப்பது எப்படி?

துப்பை ஒரு வாக்கியத்தின் நடுவில் வையுங்கள், வாக்கியத்தின் முடிவில் வேண்டாம். வாசகரின் நினைவில் கடைசிச் சொல் தங்கும். அடுத்த வரி வாசகரின் மனதை வேறு பக்கம் இழுக்கவேண்டும். இதைப் பாருங்கள்:

“அண்டைக்குக் காலமை ஏழு மணிக்குத்தான் சின்னம்மாவோட கதைச்சனான் ரீச்சர். கோயில் மணி அடிக்குது, விளக்கு வைக்கப் போறன், பெரியப்பாவைக் கவனமாப் பாத்துக்கொள் மோனை எண்டு சொல்லிப்போட்டு வைச்சவ. ஒரு மணித்தியாலத்தில இப்பிடிச் செய்தி வரும் எண்டு ஆர் கண்டது?” அவன் கண்ணைத் துடைத்தான்.

“சின்னம்மாவுக்கு ஆர் சொன்னது? பிறசர்க்காறி எல்லே” என்றா ரீச்சர்.

மணியும் நேரமும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் வாசகர் அழுகையையும் சின்னம்மாவின் பிறசரையும் பற்றி நினைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். இதையே ‘கோயில் மணி தெளிவாகக் கேட்டது’ என்று தனிப் பந்தியாக முடித்திருந்தால் துப்பறியும் கதை வாசித்துப் பழகியவர் பென்சிலால் கோடிட்டிருப்பார்.

நேரம் மாற்றியதையும் முன்பே வேறோர் இடத்தில் சொல்லியிருக்கவேண்டும். ஞாயிறு காலை பேரன் அடுப்பு மணிக்கூட்டைத் திருத்துகிறான், ரீச்சர் குளிசை போடும் நேரம் குழம்புகிறது என்று ஒரு சிறு வீட்டுக் காட்சி போதும். ஒரு துப்பின் இரண்டு பாதிகளையும் ஒரே அத்தியாயத்தில் வைக்காதீர்கள். குறைந்தது மூன்று அத்தியாயம் தள்ளி வையுங்கள்.

எத்தனை துப்பு என்று கேட்டால்: விடையின் ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று. ஒன்றை எல்லோரும் தவறவிடுவார்கள், ஒன்றைப் பாதிப் பேர் பிடிப்பார்கள், ஒன்று கடைசியில் நினைவுக்கு வரும்.

பொய்த் துப்புகள்?

அவை பொய் சொல்லக்கூடாது. உண்மையான ஒன்றுக்குப் பிழையான விளக்கம் கொடுக்கவேண்டும். ஊரிலிருந்து நல்ல உதாரணம் ஒன்று: மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டால் இஞ்சி தொடக்கூடாது என்ற நம்பிக்கை. பெரியவர் முதல்நாள் இரவு மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டார், காலையில் மேசையில் இஞ்சித் தேத்தண்ணி. செத்தவீட்டில் பாதிப் பேருக்கு வேறு விளக்கமே தேவைப்படாது, கிழங்கு அவித்துக் கொடுத்த பெண்ணைப் பார்த்துக் குசுகுசுப்பார்கள். ரீச்சர் அதை நம்பாமல், தேத்தண்ணிக் கோப்பை ஏன் இரண்டு என்று கேட்கவேண்டும்.

சந்தேக ஆட்கள் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் மறைக்க ஒன்று இருக்கட்டும்: சீட்டுக் காசு கட்டவில்லை, வேலை போனதை மனைவிக்குச் சொல்லவில்லை, பெரியவரிடம் கைமாற்று வாங்கியிருக்கிறார். குற்றவாளி ஐந்தாம் அத்தியாயத்துக்குள் மேடையில் வந்துவிடவேண்டும். முடிவில் மட்டும் வரும் வெள்ளைக்கார அயலவரையோ ஊரில் இருந்து புதிதாக வந்த பெடியனையோ குற்றவாளி ஆக்குவது வாசகரை ஏமாற்றுவது.

காணி உறுதி விஷயத்தில் எதைச் சரியாக எழுதவேண்டும்?

இலங்கையில் காணி கைமாற, உறுதியில் நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் எல்லோரும் ஒரே நேரத்தில் இருந்து கையொப்பம் இடவேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இதைச் சொல்கிறது. எனவே உறுதியின் திகதியில் பெரியவர் ஸ்காபரோவில் இருந்தார் என்று கடவுச்சீட்டு முத்திரையோ குளினிக் அட்டையோ காட்டினால் உறுதி கள்ள உறுதி. வெளிநாட்டில் இருப்பவர் விற்பதென்றால் அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையொப்பமிட இன்னொருவருக்கு எழுத்தில் கொடுக்கும் அதிகாரம்) கொடுக்கவேண்டும், அதைப் பதியவேண்டும். ரொறன்ரோவில் இலங்கைத் துணைத் தூதரகம் இருக்கிறது. அற்றோணித் தத்துவம் இல்லாமல் பெரியவர் நேரில் வந்து கையொப்பமிட்டதாக உறுதி சொல்வதுதான் எங்கள் கதையில் ரீச்சரின் காதில் விழும் பிழையான சுரம்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையிலும் நல்ல முடிச்சுகள் உண்டு. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், சீதனமாக வந்த காணியாக இருந்தாலும், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. பங்குக் காணியை வெளியாருக்கு விற்கும்போது பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. இந்த இரண்டில் ஒன்றை வைத்தே வேறொரு நாவல் கட்டலாம்.

அளவுகளில் பிழைவிடாதீர்கள்: ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர். கோண்டாவிலில் வீட்டுக்காணி ‘எட்டு ஏக்கர்’ என்று எழுதினால் ஊர் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். மூல உறுதி தொலைந்ததற்குக் காரணம் தேடுபவர்களுக்கு 1995 ஒக்டோபர் 30 போதும். வலிகாமம் முழுக்க எழும்பிப் போன அந்த இரவில் எத்தனையோ வீடுகளில் உறுதிகளும் சான்றிதழ்களும் போய்விட்டன.

பொலிஸ் நடைமுறை எவ்வளவு தெரிந்திருக்கவேண்டும்?

குறைவாகப் போதும், ஆனால் இலங்கை நடைமுறையைக் கனடாவில் நடத்தக்கூடாது. இலங்கையில் திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து உறவினரிடம் வாக்குமூலம் எடுப்பார், தேவையென்றால் சட்ட வைத்திய அதிகாரி பிரேத பரிசோதனை செய்வார். ரீச்சர் அதையே எதிர்பார்த்து, சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு காத்திருப்பா. ஒருவரும் வந்து கேட்கமாட்டார்கள். ஒன்ராறியோவில் கொரோனர்கள் வைத்தியர்கள். அவர்கள் மரணத்தை விசாரித்து முடிவு எழுதுவார்கள், பகிரங்க விசாரணை எல்லா மரணத்துக்கும் நடப்பதில்லை. இங்கிலாந்தில் கொரோனர் சட்டம் படித்தவர். அங்கே பகிரங்க விசாரணைக் காட்சி வைக்க வசதி அதிகம். ஸ்காபரோ ரொறன்ரோப் பொலிஸின் எல்லை, மார்க்கம் யோர்க் பிராந்தியப் பொலிஸின் எல்லை. பெறாமகன் மார்க்கத்தில் இருப்பதால் இது கதைக்கும் உதவும்.

அங்கே போகாமல் இடத்தை நம்பும்படி எழுத முடியுமா?

முடியும். ஊரில் ஸ்காபரோவோடு தினமும் கதைக்காத வீடு குறைவு. வரைபடத்தைக் காட்டிலும் அந்த அழைப்புகள் நல்லவை: இன்றைக்கு வெளியில் என்ன தெரிகிறது, பஸ் தரிப்பிடத்துக்கு எத்தனை நிமிடம், குப்பை எந்த நாள் எடுப்பார்கள் என்று கேளுங்கள்.

வழக்கமாகப் பிழைக்கும் இடங்கள் சில. ஸ்காபரோவுக்குள் ஓடிய மூன்றாம் இலக்க ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டபின் மூடப்பட்டுவிட்டது. பழைய வரைபடத்தைப் பார்த்து ரீச்சரை அதில் ஏற்றாதீர்கள், பஸ்ஸில் அனுப்புங்கள். ஒருமுறை கட்டணம் கட்டினால் இரண்டு மணித்தியாலம் மாறி மாறி ஏறலாம், எனவே அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் போய் விசாரித்துத் திரும்புவது என்று அவ கணக்குப் போடலாம். மார்ச்சில் மரங்களில் இலை இருக்காது. ரொறன்ரோப் பொது நூலகக் கிளைகள் பலவற்றில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. ரீச்சர் வெளியே போவதற்கு மகள் மறுப்புச் சொல்லாத இடம் அது.

விசாவிலும் பலர் பழைய தகவலை எழுதுகிறார்கள். பெற்றோருக்கும் பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறவர்களுக்குமான சுப்பர் விசாவில் ஒருமுறை போனால் இரண்டு ஆண்டு என்று இருந்தது. 2022 ஜூலையில் இருந்து ஐந்து ஆண்டு. ‘அடுத்த கிழமை விசா முடிகிறது’ என்ற அவசரம் இப்போது எளிதில் பொருந்தாது. அவசரம் வேண்டுமென்றால் காப்புறுதியைப் பிடியுங்கள்: குறைந்தது ஒரு இலட்சம் டொலர் மருத்துவக் காப்புறுதி, குறைந்தது ஓராண்டுக்கு இருக்கவேண்டும். அது முடியும் திகதியும் புதுப்பிக்கும் செலவும் மருமகனின் முகமும் போதிய அவசரத்தைத் தரும்.

நஞ்சு வைக்கலாமா?

அலரி விதையை வைக்காதீர்கள். எங்கள் ஊரில் அதனால் பிள்ளைகளை இழந்த வீடுகள் பல. நாவலில் அது ஒரு புதிராக வரும்போது அந்த வீடுகளுக்கு அது புதிராக இருக்காது. பூச்சிமருந்துக்கும் இதுவே. வேறு நஞ்சு கட்டாயம் வேண்டுமென்றால் அளவையும் தயாரிக்கும் முறையையும் எழுதவேண்டாம். எந்த வாசகருக்கும் அது தேவையில்லை. விழுகை, பூட்டிய கதவு, காணாமற்போன நகை, மாற்றப்பட்ட கடதாசி ஆகியவை இந்த வகைக்கு நஞ்சைவிட நன்றாக உழைக்கும். மரணமே இல்லாத மர்மமும் எழுதலாம்.

போரைப் பற்றி எழுதாமல் இந்த வயதுப் பெண்ணை எழுத முடியுமா?

முடியாது, எழுதாமல் விட்டால் அவ பொய்யான ஆளாகிவிடுவா. 71 வயது என்றால் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அவ இளம் ஆசிரியை. இடம்பெயர்வு, பொருளாதாரத் தடை, தொலைந்தவர்கள் எல்லாம் அவவுக்குள் இருக்கும். அவ பொறுமையும், சத்தத்தைக் கேட்டுத் தூரம் கணிக்கும் காதும், கடதாசிகளைப் பொலித்தீனில் சுற்றி ஒரே பையில் வைக்கும் பழக்கமும் அங்கிருந்து வந்தவை.

ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் கதையை இந்த நாவலின் புதிராக வைத்து, முப்பதாம் அத்தியாயத்தில் அவிழ்த்து வைக்காதீர்கள். விடை கிடைத்து அயல் ஒழுங்குக்கு வருவதுதான் இந்த வகையின் வாக்குறுதி. இன்றும் படத்தைக் கையில் ஏந்தி நிற்கும் தாய்மாருக்கு அந்த விடை கிடைக்கவில்லை. அதற்கு வேறு வகையான நாவல் வேண்டும்.

பேச்சுத் தமிழ் எவ்வளவு?

கதை சொல்வது பொதுத் தமிழில், உரையாடல் ஊர்த் தமிழில். ‘எண்டு’, ‘என்று’ இரண்டையும் ஒரே ஆளின் வாயில் மாற்றி மாற்றி வைக்காதீர்கள். ஒவ்வொருவரும் ரீச்சரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருங்கள்: பேரனுக்கு அம்மம்மா, மருமகனுக்கு மாமி, அயலாருக்கு ரீச்சர், கோயிலில் தெரியாதவருக்கு அம்மா. பேரன் தமிழை விளங்கிக்கொள்வான், பதிலைப் பாதி ஆங்கிலத்தில் சொல்லுவான். அவன் பேச்சைத் தமிழ் எழுத்திலேயே, சிறிய வாக்கியமாக எழுதுங்கள். ஒரு பக்கத்தில் நாலைந்து வரிக்கு மேல் போனால் களைக்கும்.

எவ்வளவு நீளம், எப்படிச் சரிபார்ப்பது?

தமிழில் 45,000 முதல் 55,000 சொற்கள் போதும். 1,600 சொற்கள் அளவில் முப்பது அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சில் 200 பக்கத்தை ஒட்டி வரும். பதினாறு பக்கப் போர்மாக் கணக்கில் 13 போர்மா என்றால் 208 பக்கம், எனவே அச்சகத்துக்குக் கொடுக்குமுன் முன்பக்கங்களையும் சேர்த்து அந்த எண்ணுக்குள் அடக்கினால் வெற்றுத்தாள் மிஞ்சாது. ஐஎஸ்பிஎன் இலக்கத்தைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெறவேண்டும்.

அதற்கு முன் நான்கு பேரிடம் கொடுங்கள்: ஊரில் இருக்கும் ஒருவர், ஸ்காபரோவில் இருக்கும் ஒருவர், துப்பறியும் கதைகளை விழுந்து விழுந்து வாசிக்கும் ஒருவர், உறுதி எழுதும் வேலை தெரிந்த ஒருவர். அந்தியேட்டிக்கு முந்திய அத்தியாயத்தோடு நிறுத்தி, யார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நான்கு பேரும் பெறாமகன் என்றால் மணியையும் அழுகையையும் இன்னும் ஆழமாகப் புதைக்கவேண்டும். ஒருவரும் சொல்லவில்லை என்றால் அது பரவாயில்லை. ஆனால் விடையை வாசித்தபின் ‘அட, அந்த மணி’ என்று பின்பக்கம் புரட்டிப் பார்க்காவிட்டால் துப்பு போதவில்லை. ஊரில் இருப்பவரும் ஸ்காபரோவில் இருப்பவரும் ஒரே இடத்தில் ‘இப்பிடி நடக்காது’ என்று எழுதியிருந்தால் விவாதிக்காமல் மாற்றுங்கள்.